லிங்கனின் ஏழு தலைமுறை

ஆபிரகாம் லிங்கன் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கடிதம். தம் மகனின் தலைமையாசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் அந்தக் கடிதம் பள்ளி விழாக்களில் வாசிக்கப்படுகிறது, சுவரொட்டியாகவும் தொங்குகிறது. ஆனால், அவருடைய தொகுக்கப்பட்ட எழுத்துகளில் அப்படியொரு கடிதம் இல்லை. அவர் உண்மையாகவே எழுதிய வேறு சில கடிதங்கள் உண்டு. அவற்றில் அவர் எவருக்கும் அறிவுரை கூறவில்லை. தம் பெயரைக் கொண்ட, முன்பின் அறிமுகமில்லாத மனிதர்களிடம் தம்முடைய மூதாதையர் யார் என்று விசாரிக்கிறார்.

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது என்பது நம் பெரியோர் வாக்கு. நானும் நெடுங்காலம் அதையே ஏற்றிருந்தேன். குடிவழியை ஆராய்வது ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு, அல்லது குலப்பெருமையின் நாகரிகமான வடிவம் என்று எண்ணியிருந்தேன். மரக்குடிசையில் பிறந்து வெள்ளை மாளிகையை அடைந்தவர் என்ற ஒரு வரி லிங்கனை அறியப் போதும் என்றும் நம்பினேன். அவருடைய குடும்பத்தின் வரலாற்றை வரிசைப்படுத்திப் படித்த பிறகு அந்த எண்ணங்களை நான் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

1848-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லிங்கனுக்கு வயது 39. இல்லினாய் மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வாகி வாஷிங்டனில் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் ஊரில் சாலமன் லிங்கன் என்றொருவர் வாழ்ந்தார். தம் ஊரின் வரலாற்றை 1827-லேயே நூலாக எழுதியவர் அவர். இவ்விருவருக்கும் இடையே அந்த மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. தந்தை பெயர் தாமஸ், பாட்டனார் பெயர் ஆபிரகாம், அவர் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் வட்டாரத்திலிருந்து கென்டக்கிக்குப் போனவர் என்று லிங்கன் எழுதினார். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல அவரிடம் அதிகம் இல்லை. தந்தை இளமையிலேயே தகப்பனை இழந்து, புதிதாகக் குடியேறிய நாட்டில் வறுமையில் வளர்ந்து, எழுத்தறிவே பெறாமல் போனதுதான் தம் குடும்ப வரலாறு தமக்குத் தெரியாமைக்குக் காரணம் என்று அவர் விளக்கினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் தேர்தல் பிரசாரத்துக்காக லிங்கன் மாசசூசெட்ஸ் சென்றார். வூஸ்டர் நகரில் அம்மாநில முன்னாள் ஆளுநர் லீவை லிங்கனின் இல்லத்தில் விருந்து உண்டார். ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் தம் முன்னோரை வரிசையாக அறிந்த செல்வக் குடும்பத்தவர். மற்றவர் பாட்டனாருக்கு அப்பால் தட்டுத்தடுமாறியவர். இருவருமே ஹிங்கம் ஊரின் சாமுவேல் லிங்கனின் வழித்தோன்றல்கள் என்பது அப்போது அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. 1859 டிசம்பரில் தம்மைப் பற்றிய சிறு குறிப்பொன்றை எழுதித் தந்தபோதும், ஈனாக், லீவை, மார்டெக்காய், சாலமன், ஆபிரகாம் முதலிய பெயர்கள் இரு குடும்பங்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைத் தவிர வேறு சான்று கிட்டவில்லை என்றே லிங்கன் பதிவு செய்தார். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கமுள்ள நமக்கு அந்தத் தடயத்தின் அருமை எளிதில் விளங்கும்.

அவர் அறியாமற்போன வழி பின்னர் ஆவணங்களால் நிறுவப்பட்டது. லீ, ஹட்சின்சன் என்னும் இரு ஆய்வாளர்களின் நூல் 1909-இலும், வால்டோ லிங்கன் தொகுத்த குடும்ப வரலாறு 1923-இலும் வெளியாயின. தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன் என்று தலைமுறைகளுக்குத் தமிழில் சொல்லப்படும் பெயர் வரிசை ஒன்றுண்டு. தன்னையும் சேர்த்தால் ஏழு. லிங்கனின் குடிவழியும் அமெரிக்க மண்ணில் மிகச் சரியாக ஏழு தலைமுறைதான்.

பரனாகிய சாமுவேல் லிங்கன் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். நெசவுத் தொழில் பழகியவர். 1637-இல், இளம்பிராயத்திலேயே, கடல் கடந்து மாசசூசெட்ஸ் வந்தார். அவருடைய மகன் மார்டெக்காய் கொல்லுத் தொழிலாளி. அந்த மார்டெக்காயின் மகனுக்கும் மார்டெக்காய் என்றே பெயர். அவர் நியூஜெர்சிக்கும் பிறகு பென்சில்வேனியாவுக்கும் நகர்ந்தார். அங்கே பெர்க்ஸ் வட்டாரத்தில் அவர் கட்டிய 1733-ஆம் ஆண்டுக் கல்வீடு இன்றும் நிற்கிறது. பின்னாளில் எல்லைப்புற நாயகனாகப் புகழ் பெற்ற டேனியல் பூனின் குடும்பம் அங்கே அண்டை வீட்டார். இரு குடும்பங்களுக்கும் இடையே மணவுறவும் ஏற்பட்டது. அடுத்த தலைமுறையின் ஜான், 1768-இல் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தார். ஜானின் மகனே கேப்டன் ஆபிரகாம் லிங்கன், குடியரசுத் தலைவரின் பாட்டனார்.

நெசவாளர், கொல்லர், நிலக்கிழார் என்று இந்த வரிசை பார்வைக்கு ஏறுமுகமாகவே இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் மேற்கே நகர்கிறது. நகரும்போது நிலத்தைப் பெருக்கிக்கொள்கிறது. வறுமையிலேயே ஊறிய குடும்பம் இதுவென்று நான் நினைத்திருந்தது தவறு. கேப்டன் ஆபிரகாம் 1780-களின் தொடக்கத்தில் கென்டக்கிக்குப் போனபோது ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு உரிமைப் பத்திரங்கள் பெற்றிருந்தார்.

அந்த ஏறுமுகம் ஒரே நாளில் முறிந்தது. 1786-இல் கேப்டன் ஆபிரகாம் தம் மூன்று மகன்களுடன் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடியினர் சிலர் காட்டோரத்திலிருந்து சுட்டதில் அந்த இடத்திலேயே இறந்தார். நடுமகன் ஜோசையா உதவி தேடி அருகிலிருந்த கோட்டைக்கு ஓடினான். மூத்தவன் மார்டெக்காய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்தான். எட்டு வயதுகூட நிறைவடையாதவன்போல் திகைத்து, தந்தையின் உடலருகே நின்றுவிட்டான் கடைசி மகன் தாமஸ். அவனை நெருங்கிய பூர்வகுடி மனிதனை மார்டெக்காய் குறிபார்த்துச் சுட்டு வீழ்த்தினான். அந்தக் குண்டு குறி தவறியிருந்தால் ஆபிரகாம் லிங்கன் பிறந்திருக்கவே மாட்டார். மற்றெல்லாக் குடும்பக் கதைகளையும்விடத் தம் மனத்தில் ஆழப் பதிந்தது இதுவே என்று பின்னாளில் உறவினர் ஒருவருக்கு அவர் எழுதினார். ஆனால், அது நிகழ்ந்த ஆண்டை 1784 வாக்கில் என்றும், தந்தைக்கு அப்போது வயது ஆறு என்றும் எண்ணிக்கொண்டிருந்தார். கதை தங்கியது, கணக்கு தங்கவில்லை.

கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. மூத்த மகனுக்கே நிலம் சேரும் என்ற பழைய சட்டம் அங்கே இன்னும் உயிரோடிருந்தது. சொத்து மார்டெக்காய்க்குப் போனது. தாமஸ் கூலிவேலையும் தச்சுவேலையும் செய்து வளர்ந்தார். தம் பெயரைத் தடுமாறி எழுதுமளவுக்கு மேல் அவருக்கு எழுத்து வரவில்லை. தந்தை உயிரோடிருந்தால் ஐந்து தலைமுறைப் பெயர்களையும் இரவு நெருப்பருகே சொல்லியிருப்பார். அந்தக் குரல் அடங்கியபோது நிலமும் போயிற்று, நினைவும் போயிற்று. லிங்கனின் குடிவழியைப் படித்ததில் என்னை மிகவும் உறுத்திய செய்தி இதுதான். மூதாதையர் நினைவு என்பது இரத்தத்தில் தானாக வருவதில்லை. அதுவும் நிலத்தைப் போல ஒரு சொத்து, வாரிசுரிமையாகக் கைமாறுவது, ஏழைகள் முதலில் இழப்பது.

தாமஸை உதவாக்கரை என்று சித்திரிக்கும் வழக்கம் ஒன்றுண்டு. ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. அவர் உழைத்துச் சேர்த்த பணத்தில் 1803-லிருந்து 1811-க்குள் கென்டக்கியில் மூன்று இடங்களில் நிலம் வாங்கினார். மூன்றிலும் வில்லங்கம். அந்நாளில் கென்டக்கியில் முறையான அரசு நில அளவை இல்லை. மரத்தையும் பாறையையும் ஓடையையும் எல்லையாகக் காட்டிப் பத்திரம் எழுதினார்கள். மரம் விழுந்தால் எல்லையும் விழும். ஒரே நிலத்துக்கு மூன்று பேர் உரிமை கோருவது சாதாரணம். வழக்காட வசதி உள்ளவரே வென்றார். 1816-இல் குடும்பம் ஒஹையோ ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குப் பெயர்ந்தது. அங்கே கூட்டாட்சி அரசு நிலத்தைச் சதுரமாக அளந்து விற்றது; பட்டா உறுதியானது. அங்கே அடிமைமுறையும் தடை செய்யப்பட்டிருந்தது. அடிமைமுறை ஓரளவுக்கும் நில உரிமைச் சிக்கல் பெருமளவுக்கும் அந்தப் பெயர்ச்சிக்குக் காரணம் என்று லிங்கனே பின்னர் குறித்தார்.

தந்தை வழியாவது பெயர்களால் தடம் காட்டியது. தாய்வழி அதைவிட இருண்டது. தாய் நான்சி ஹாங்க்ஸ் 1818 அக்டோபர் 5 அன்று இறந்தபோது லிங்கனுக்கு வயது ஒன்பது. காட்டிலே விளையும் ஒரு நச்சுச் செடியை மேய்ந்த பசுக்களின் பாலால் வந்த நோய் அது. அன்று எவருக்கும் அந்தக் காரணம் தெரியாது. தாமஸ் தம் கையாலேயே சவப்பெட்டி செய்தார். ஓராண்டுக்குப் பின் சாரா புஷ் என்ற விதவையை மணந்து அழைத்து வந்தார். சிற்றன்னை எனினும் அன்னையாகவே அவர் அந்தப் பிள்ளைகளை வளர்த்தார்.

நான்சியின் தாய் லூசி ஹாங்க்ஸ். தந்தை யார் என்பதற்கு ஆவணம் இல்லை. தம் தாய், லூசிக்கும் வர்ஜீனியாவின் நற்குடிப் பண்ணையார் ஒருவருக்கும் மணவுறவின்றிப் பிறந்தவர் என்று லிங்கன் ஒருமுறை தம்மிடம் மனம்விட்டுச் சொன்னதாக, அவருடைய வழக்கறிஞர் தொழிலின் கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன் 1889-இல் எழுதினார். நூல் பெரும் சினத்தைக் கிளப்பியது. லூசி பிறப்பால் ஹாங்க்ஸ் அல்லர், மணமான ஒரு பெண்ணே என்று காட்டும் மாற்றுக் குடிவழிகளைச் சிலர் உருவாக்கினர். 2015-இல் தாய்வழி மரபணு ஒப்பீடு செய்த ஆய்வாளர்கள், லூசி ஹாங்க்ஸ் குடும்பத்தில் பிறந்தவரே என்ற முடிவுக்கு வந்தார்கள். தலைவரின் பெருமையைக் காக்கப் புனைந்த கதை, ஆய்வின் முன் நிற்கவில்லை.

அவதூறு அத்தோடும் நிற்கவில்லை. தாமஸுக்கும் நான்சிக்கும் திருமணமே நடக்கவில்லை, லிங்கனின் தந்தை வேறொருவர் என்று எதிரிகள் பரப்பினார்கள். தம்பதியர் குடித்தனம் நடத்திய ஹார்டின் வட்டாரத்தின் பதிவேடுகளில் தேடியவர்களுக்குத் திருமணப் பதிவு கிடைக்காதது அந்த வதந்திக்கு எண்ணெய் வார்த்தது. உண்மை மிக எளியது. மணம் நடந்தது பக்கத்து வாஷிங்டன் வட்டாரத்தில், 1806 ஜூன் 12 அன்று. அந்த வட்டாரத்து நீதிமன்றப் பழைய ஏடுகளிலிருந்து 1878-இல் அது கண்டெடுக்கப்பட்டது. தாமஸின் கையொப்பம் அதில் இருக்கிறது. லிங்கன் கொலையுண்டு 13 ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு தாளின் துணையில்லாமல் அவர் தம் தாயின் மானத்தைச் சுமந்துகொண்டே வாழ்ந்து மறைந்தார்.

குடிவழி ஆராய்ச்சி நேர்மையானதாக இருந்தால், பெருமையோடு சிறுமையையும் அது நம்முன் வைக்கும். டென்னசியில் வாழ்ந்த லிங்கனின் பாட்டனாருடைய தம்பி ஐசக் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். பெரியப்பா மார்டெக்காயும் அப்படியே. வர்ஜீனியாவில் தங்கிவிட்ட உறவினரிலும் அடிமை உடைமையாளர் இருந்தனர். கேப்டன் ஆபிரகாம் உழுத நிலம் பூர்வகுடியினரின் வேட்டைக் காடாயிருந்தது. அவரைச் சுட்டவர்களுக்கும் சொல்ல ஒரு குடும்பக் கதை இருந்திருக்கும். அதை எந்த நீதிமன்றமும் பதிந்து வைக்கவில்லை.

அந்தப் பாட்டனின் பேரன் அதிகாரத்துக்கு வந்தபோது என்ன செய்தார்? நில உரிமைக்காகத் தந்தை பட்ட பாட்டை மறவாத மனிதர் என்றே சொல்லத் தோன்றும் வகையில், 1862 மே மாதத்தில் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்தாண்டுகள் குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் அளந்த நிலம். ஏழைக் குடியேறிகளுக்கு அது வாழ்வு. பூர்வகுடியினருக்கு மேலும் ஓர் இழப்பு. அதே ஆண்டு மின்னசோட்டாவில் டகோட்டா மக்களின் கிளர்ச்சிக்குப் பின், இராணுவ விசாரணைக் குழு 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அனைவரையும் தூக்கிலிடுமாறு அம்மாநிலத்தார் நெருக்கினார்கள். லிங்கன் விசாரணை ஏடுகளை வரவழைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கச் செய்து, பெரும்பாலோரின் தண்டனையை நிறுத்தினார். ஆயினும் 1862 டிசம்பர் 26 அன்று 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்க வரலாற்றிலேயே ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட ஆகப்பெரிய மரண தண்டனை அது. பாட்டனைக் கொன்றவர்களின் மேல் பழிதீர்த்தார் என்று அவரைச் சொல்ல முடியாது. கறையில்லாதவர் என்றும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் என் மனத்தில் இன்னொரு பதிவேடு விரிகிறது. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. உடைமையாளரின் பெயர் அதில் எழுதப்பட்டது. அவருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே வரிசையாக வந்தன. அடிமைகளின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. 1860-இல் அப்படிப் பெயரின்றி எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அவர்களுடைய திருமணங்களைச் சட்டம் ஏற்கவில்லை. கணவன் ஒரு சந்தையிலும் மனைவி மற்றொன்றிலும் விற்கப்படலாம். தந்தை என்ற இடம் ஏட்டிலேயே கிடையாது. லிங்கனின் குடும்பத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டு ஒரு தலைமுறையின் நினைவை அறுத்தது. இவர்களுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் அதைச் சட்டமே அறுத்தது.

1863-இன் விடுதலைப் பிரகடனமும், 1865-இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தமும் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. 1865 மார்ச்சில், தாம் சுடப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன், விடுதலை பெற்றோருக்கான அலுவலகம் ஒன்றை நிறுவும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். அந்த அலுவலகம் உணவும் பள்ளியும் தந்ததோடு திருமணங்களையும் பதிவு செய்தது. ஆண்டுக்கணக்காகக் கூடி வாழ்ந்த முதிய இணையர் வரிசையில் நின்று, முதல்முறையாகத் தங்கள் பெயர்களைச் சட்டத்தின் ஏட்டில் ஏற்றினார்கள். 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் அனைவரும் பெயரோடு வந்தார்கள். இன்று கறுப்பின அமெரிக்கர் ஒருவர் தம் மூதாதையரைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும்போது பெரும்பாலும் அந்த 1870-இன் சுவரில்தான் போய் முட்டுகிறார். அதற்கு முந்தையது இருள். ஆனால் அந்த ஆண்டிலிருந்து வெளிச்சம்.

லிங்கனின் சொந்தக் குடிவழி நீளவில்லை. நான்கு மகன்களில் மூவர் சிறுவயதிலும் இளமையிலும் மாண்டனர். எஞ்சிய ராபர்ட்டின் ஒரே மகன், பாட்டனின் பெயரையே தாங்கிய ஆபிரகாம், 1890-இல் பதினாறு வயதில் இறந்தான். 1926-இல் ராபர்ட்டோடு அந்தப் பெயர் முடிந்தது. மகள் வழியில் தொடர்ந்த கொடியும் 1985 டிசம்பரில் ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித்தின் மறைவோடு அற்றது. இன்று லிங்கனின் நேரடி வாரிசு என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவர் எவரும் இல்லை.

1851-இல் தந்தை இறந்த பிறகு, குடும்ப விவிலியத்தின் ஏட்டில் பிறப்பு, மணம், இறப்பு விவரங்களை லிங்கன் தம் கையாலேயே எழுதி வைத்தார். தந்தையோடு அவருக்கு நெருக்கம் இருந்ததில்லை. இறுதிச் சடங்குக்கும் அவர் போகவில்லை. இருந்தும் அந்தப் பெயர்களை எழுதாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. எழுதாமல் விடப்பட்ட பெயர் என்ன ஆகும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர்.

நதிமூலம் பார்க்கலாகாது என்ற முதுமொழியை நான் இப்போது வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேன். பிறப்பைக் கொண்டு ஒருவரை எடை போடுவதற்காக மூலத்தைத் தேடாதே என்பதே அதன் அறம். ஆனால், எவருடைய பெயர் எந்த ஏட்டில் ஏன் இல்லாமற்போனது என்று கேட்பதற்குத் தேடினால் அது நீதியின் பணி. தம் பூட்டன் யாரென்று தேடித் தோற்ற ஒரு மனிதர், 40 லட்சம் மக்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் பூட்டனைத் தேடும் வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். லிங்கனுக்கு இன்று வழித்தோன்றல் இல்லையென்று நான் மேலே எழுதினேன். அந்தப் பதிவேடுகளைப் புரட்டும் ஒவ்வொருவரையும் நினைக்கையில், அந்த வரியை அழித்துவிடலாமா என்று தோன்றுகிறது.